திட்ட அறிக்கையில் இல்லாத மலை

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குள் நான் நுழைந்தது ஓவியம் பார்ப்பதற்காக அல்ல, மழைக்கு ஒதுங்குவதற்காக. சென்ட்ரல் பார்க்கில் நடந்துகொண்டிருந்தபோது வானம் கறுத்துவிட்டது. குடையை மகள் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். மழைக்கு ஒதுங்க இத்தனை டாலரா என்று மனம் முணுமுணுக்க, சீட்டு வாங்கிக்கொண்டு, கூட்டம் குறைவாகத் தெரிந்த அமெரிக்க ஓவியப் பகுதிக்குள் போனேன்.

ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முப்பத்திரண்டு ஆண்டுகள் நீர்மின் திட்டங்களில் சர்வே பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மலையைப் பார்த்தால் உயரத்தையும், நதியைப் பார்த்தால் நீரின் அளவையும் கணக்குப் போடுகிற கண் என்னுடையது. அந்தக் கண்தான் ஒரு படத்தின் முன்னால் என்னை நிறுத்தியது.

ஆறடிக்கு மேல் அகலமான படம். இடது பக்கம் மலைச்சரிவு. முறிந்த மரங்கள், அடர்ந்த காடு, அப்போதுதான் விலகிப்போகும் இடிமழை. வலது பக்கம், வெகு கீழே, வெயிலில் சமவெளி. வயல்கள், வீடுகள், அடுப்புப் புகை. நடுவில் கனெக்டிகட் நதி ஏறக்குறைய முழு வட்டம் போட்டுத் திரும்புகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் மலையிலிருந்து தெரியும் காட்சி. தாமஸ் கோல் என்பவர் 1836-ல் வரைந்தது. ‘ஆக்ஸ்போ’ என்று அழைக்கிறார்கள். நுகத்தில் மாட்டின் கழுத்தைச் சுற்றி வரும் வளைகட்டை என்று பொருள்.

படத்தின் கீழ்ப்பகுதியில், பாறைகளுக்கு நடுவே, தொப்பி வைத்த ஒரு சிறு உருவம். படத்தை வரைந்துகொண்டே தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது. கோல் தன்னையே அங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சர்வே கருவியை நிறுத்த நானும் சரியாக அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

சிரிப்பு வந்த வேகத்தில் அடங்கியும் விட்டது. அதே போல் ஒரு நதி வளைவை நான் அறிவேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில், மத்திய இந்தியாவில் ஒரு பள்ளத்தாக்கில் ஆறு மாதம் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தோம். அளவுச் சங்கிலி பிடிப்பதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் வருவார். மாலையில் வேலை முடிந்ததும் எல்லோரும் மேட்டில் நின்று நதி திரும்பும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். யாரும் பேச மாட்டோம். ஒருநாள் அவர் என் கையிலிருந்த நோட்டைக் காட்டி, “இதையும் எழுதிக்கொண்டீர்களா, சாகிப்?” என்று இந்தியில் கேட்டார். எதை என்றேன். நதியின் பக்கம் கையை வீசிக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன்.

எங்கள் திட்ட அறிக்கையில் மூழ்கப்போகும் நிலத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. மரங்களுக்கு இருந்தது, வகைவாரியாக, விலையோடு. வீடுகளுக்கு, கிணறுகளுக்கு, ஒரு சிறு கோயிலுக்குக்கூட இருந்தது. அவர் கையை வீசிக் காட்டியதற்கு மட்டும் கட்டம் இல்லை. அணை எழுந்தது. வளைவு நீருக்கடியில் போனது. அந்த மின்சாரம் எத்தனையோ வீடுகளில் எரிகிறது. அதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் வெட்கம்.

அன்று மாலை மகள் வீட்டுக்குத் திரும்பியதும் இந்த தாமஸ் கோல் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஒரு மாதம் அதுவே வேலையாகிவிட்டது.

கோல் அமெரிக்கர் அல்ல. 1801-ல் இங்கிலாந்தின் லங்காஷையர் பகுதியில், போல்டன் என்ற பஞ்சாலை ஊரில் பிறந்தவர். சிறுவயதில் அவர் செய்த வேலை, காலிக்கோ துணிகளில் அச்சடிப்பதற்கான உருக்களைச் செதுக்குவது. காலிக்கோ என்ற பெயரே நம் கள்ளிக்கோட்டையிலிருந்து போனது. நம் நெசவாளர்களின் தறிகளை ஓயவைத்த அதே லங்காஷையரின் புகையில் வளர்ந்த பையன், 1818-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினான்.

1825-ல் அவர் ஹட்சன் நதியில் மேலேறி, கேட்ஸ்கில் மலைகளைப் பார்த்துவிட்டு வந்து வரைந்த மூன்று படங்கள் நியூயார்க்கில் ஒரு கடையில் வைக்கப்பட்டன. அந்நாளின் மூத்த ஓவியர் ஜான் டிரம்புல் கண்ணில் அவை பட்டன. ஒன்றை அவர் வாங்கினார். மற்ற இரண்டை அவருடைய நண்பர்கள் வில்லியம் டன்லப்பும் ஆஷர் டியூராண்டும் வாங்கினார்கள். விலை, படம் ஒன்றுக்கு 25 டாலர். அதுவரை அமெரிக்க ஓவியர்களின் பிழைப்பு பெரும்பாலும் பணக்காரர்களின் முகங்களை வரைவதில்தான் இருந்தது. மலையும் நதியும் பின்னணி. கோலுக்குப் பிறகு பின்னணியே கதாநாயகன் ஆயிற்று. டியூராண்ட், ஃபிரெடரிக் சர்ச், சான்ஃபோர்ட் கிஃபோர்ட், ஆல்பர்ட் பியர்ஸ்டாட், தாமஸ் மோரன் என்று ஐம்பது ஆண்டுகள் அந்த வரிசை நீண்டது. சர்ச் 1859-ல் தீட்டிய ‘ஆண்டஸின் இதயம்’ என்ற ஒரே ஒரு படத்தைப் பார்க்க, தலைக்கு 25 சென்ட் கொடுத்து 12,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

பிற்காலத்தில் ரசனை மாறி, பிரெஞ்சுப் பாணிக்கு மவுசு வந்தபோது, இவர்களைக் கேலி செய்ய வைத்த பெயர்தான் ‘ஹட்சன் நதிப் பள்ளி’. இதற்குக் கட்டடமும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. ஒரே பற்றுக் கொண்ட சில ஓவியர்கள், அவ்வளவே.

இவர்கள் எதை வரைந்தார்கள் என்பதைவிட எப்போது வரைந்தார்கள் என்பதுதான் என்னை உறுத்தியது. கோல் கேட்ஸ்கில்லுக்குப் போன அதே 1825-ல்தான் ஹட்சனையும் ஈரி ஏரியையும் இணைக்கும் 363 மைல் கால்வாய் திறக்கப்பட்டது. நதியில் நீராவிப் படகுகள் 1807 முதலே ஓடின. கேட்ஸ்கில் மலைகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வேண்டியது ஹெம்லாக் மரத்தின் பட்டை. பட்டையை உரித்துக்கொண்டு, மரத்தைப் பெரும்பாலும் அழுகவிட்டார்கள். அதாவது, இந்த ஓவியர்கள் கன்னிக்காட்டைக் கண்டு வியந்து வரைந்தபோது, காடு அவர்கள் முதுகுக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்தது.

கோலுக்கு இது தெரியும். கேட்ஸ்கில் ஊரிலேயே குடியேறிய அவர், தினமும் உலாவப்போகும் ஓடைக்கரையில் ரயில் பாதைக்காக மரங்களை வெட்டியபோது கொதித்துப்போய்க் கடிதங்கள் எழுதினார். அந்த ஓடையை, மரங்கள் கவிந்த கரையோடு, 1837-ல் வரைந்து முடித்தார். அதே இடத்தை 1843-ல் மறுபடியும் வரைந்தார். இரண்டாவது படத்தில் முன்புறத்து மரங்கள் இல்லை. கோடரியோடு ஒருவன் நிற்கிறான். தூரத்தில் ஒரு சிறிய ரயில் புகைவிட்டுப் போகிறது. பின்னால் மலை மட்டும் இரண்டிலும் அப்படியே. சர்வே வேலையில் மாறாத புள்ளி ஒன்றை வைத்துக்கொண்டுதான் மாற்றங்களை அளப்போம். கோல் செய்திருப்பதும் அதுவே.

அதைப் பெரிய அளவிலும் செய்திருக்கிறார். சென்ட்ரல் பார்க்கின் மறுபக்கத்தில், நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில், ‘பேரரசின் பாதை’ என்ற அவருடைய ஐந்து ஓவியங்கள் இருக்கின்றன. 1833 முதல் 1836 வரை தீட்டியவை. வேட்டைக் காலம், மேய்ச்சல் காலம், பளிங்கு மாளிகைகளின் காலம், போரில் அழியும் காலம், கொடி படர்ந்த இடிபாடுகளின் காலம். ஐந்திலும் இடம் ஒன்றே. மலை உச்சியில் ஒரு உருண்டைப் பாறை. அதை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். வளர்ச்சி என்ற சொல் அமெரிக்காவில் மந்திரமாக இருந்த நேரத்தில் இதை வரைந்திருக்கிறார்.

இப்படியெல்லாம் படித்து அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போன சமயத்தில்தான் இன்னொரு பக்கமும் தெரியவந்தது.

கேட்டர்ஸ்கில் என்ற அருவியை கோல் 1826-ல் வரைந்தார். அருவிக்கு மேலே, பாறை நுனியில், தன்னந்தனியாக ஒரு செவ்விந்தியர் நிற்கிறார். வேறு மனித வாசனையே இல்லை. உண்மையில் அப்போதே அது சுற்றுலாத் தலம். பார்வையாளர்கள் நின்று பார்க்க மேடையும் தடுப்பும் இருந்தன. அவற்றையெல்லாம் கோல் அழித்துவிட்டார். அங்கே இருந்தவர்களை நீக்கிவிட்டு, அங்கிருந்து ஏற்கெனவே துரத்தப்பட்டவரை அலங்காரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். ஹட்சன் கரையின் பூர்வ குடிகளான மோஹிகன்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து விஸ்கான்சின் வரை தள்ளப்பட்டவர்கள். பழங்குடிகளை மிசிசிப்பி நதிக்கு அப்பால் அனுப்பும் சட்டம் வந்தது 1830-ல். ஓவியத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம், ஒரு தூரிகைத் தீற்றல்.

படங்களை வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் சங்கடம். கோலின் ஐந்து ஓவியங்களுக்குப் பணம் கொடுத்த லூமன் ரீட் மளிகை மொத்த வியாபாரி; அவராவது பரவாயில்லை. பியர்ஸ்டாட்டின் ராக்கி மலை ஓவியத்தை 1865-ல் 25,000 டாலருக்கு வாங்கியவர் ரயில்வே முதலீட்டாளர். அவர் 1873-ல் வரைந்த டோனர் ஏரி ஓவியம், அந்த மலையைக் குடைந்து பாதை போட்ட ரயில்வே அதிபர் காலிஸ் ஹண்டிங்டன் சொல்லி வரைந்தது. காட்டைத் திறந்தவர்களின் வரவேற்பறையில்தான் காடு தொங்கியது.

அப்படியென்றால் இந்தப் படங்கள் வெறும் ஆறுதல்தானா? இழப்பவன் மனசாட்சிக்குப் போட்ட தாலாட்டா? ஒரு வாரம் இந்தக் கேள்வியோடு உம்மென்று இருந்தேன். மகள், “என்னப்பா, ஓவியக்காரரோட சண்டையா?” என்று கேட்டாள்.

சண்டையைத் தீர்த்துவைத்தவை பிறகு நடந்தவை. கோலின் சொந்த ஊரான அதே போல்டனில் 1837-ல் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர் தாமஸ் மோரன். 1871-ல் அரசு ஆய்வுக் குழு ஒன்றுடன் எல்லோஸ்டோன் பகுதிக்குப் போனார். அவருடைய நீர்வண்ணப் படங்களும், வில்லியம் ஹென்றி ஜாக்சனின் புகைப்படங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்டன. மறு ஆண்டே, 1872-ல், எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆயிற்று. அங்குள்ள பெரும் பள்ளத்தாக்கை மோரன் தீட்டிய ஓவியத்தை நாடாளுமன்றமே 10,000 டாலர் கொடுத்து வாங்கியது.

கிஃபோர்டின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. 1866-ல் அவர் வரைந்த ‘ஹண்டர் மலை, அந்திப்பொழுது’ படத்தில் மேலே பொன்னிற வானம், கீழே வெட்டி எறிந்த மரங்களின் அடிக்கட்டைகள். அவர் அவற்றை மறைக்கவில்லை. அந்தப் படம் ஜேம்ஸ் பின்ஷோ என்ற வியாபாரியிடம் இருந்தது. ஓவியரின் நண்பரான அவர் தன் மகனுக்கு ஓவியரின் பெயரையே வைத்திருந்தார். அந்த கிஃபோர்ட் பின்ஷோதான் 1905-ல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர். கேட்ஸ்கில் காடுகளில் நியூயார்க் மாநில அரசுக்குச் சொந்தமான பகுதி 1885-ல் பாதுகாக்கப்பட்டது. 1894-ல் அது என்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் ஹட்சன் ஊருக்கு ரயிலேறினோம். நதியை ஒட்டிய இந்தப் பாதை 1851-ல் போடப்பட்டது. கோல் வெறுத்த ரயிலில்தான் கோலின் வீட்டைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கடந்தபின் இடதுபுறம், நதிக்கு அப்பால், நீரிலிருந்து நேராக எழும் ஒரு மொட்டை மலை வந்தது. ஸ்டார்ம் கிங். சுமார் 1,340 அடி உயரம். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். என்னைப் போன்ற ஒரு பொறியாளரின் அறிக்கை தோற்ற இடம் அது.

1962-ல் கன்சாலிடேட்டட் எடிசன் மின் நிறுவனம் அந்த மலையில் ஒரு நீரேற்று மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டது. இரவில் உபரி மின்சாரத்தைக் கொண்டு நதி நீரை மேலேயுள்ள தேக்கத்துக்கு ஏற்றி, பகலில் தேவை கூடும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. 2,000 மெகாவாட். ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன், கணக்குப்படி அருமையான திட்டம். ஆனால் மலையின் அடிவாரத்தைக் குடைந்தாக வேண்டும். ஊர் மக்கள் 1963-ல் ஒரு அமைப்பாகத் திரண்டார்கள். அரசின் மின் ஆணையம் உரிமம் கொடுத்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். இவர்களுக்கு என்ன நஷ்டம், நிலம் போகிறதா, வீடு போகிறதா, வழக்குப் போட என்ன உரிமை என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

1965 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கை அழகிலும் வரலாற்றிலும் அக்கறை உள்ளவர்களுக்கும் வழக்காடும் உரிமை உண்டு. ஆணையம் அழகையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்றது. உரிமம் ரத்தானது. மறு விசாரணையில் யேல் பல்கலைக்கழகக் கலை வரலாற்று அறிஞர் வின்சென்ட் ஸ்கல்லி, அந்த மலையைப் பற்றிச் சாட்சி சொன்னார். ஒரு மலைக்காகக் கலை வரலாற்றாசிரியர் சாட்சிக் கூண்டில்! அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே இந்த வழக்குதான் தொடக்கம் என்கிறார்கள். வழக்கு 1980 வரை இழுத்து, நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டதில் முடிந்தது. இலவசமாக அல்ல, பதிலுக்கு, நதிக்கரையின் மற்ற மின்நிலையங்களில் குளிர்விப்புக் கோபுரங்கள் கட்டும் கட்டாயத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. மின்சாரம் எங்கிருந்தாவது வந்துதான் தீர வேண்டும். அதை மறந்துவிட்டு அழகைப் பேசுவதும் ஒருவகைப் பொய்.

கோலின் வீட்டைப் பார்த்துவிட்டு, நதிக்கு எதிர்க்கரையில் குன்றின்மேல் இருக்கும் ஒலானாவுக்குப் போனோம். கோலிடம் பதினெட்டு வயதில் மாணவராகச் சேர்ந்த சர்ச், பின்னாளில் பாரசீகப் பாணியில் கட்டிக்கொண்ட வீடு அது. 1966-ல் ஏலத்தில் சிதறியிருக்க வேண்டியதை மாநில அரசு வாங்கிக் காப்பாற்றியது. வெளியே வந்தால் கீழே ஹட்சன் ஏரிபோல் அகன்று தெற்கே போகிறது. மேற்கே கேட்ஸ்கில் மலைத்தொடர் நீலமாகப் படுத்திருக்கிறது. எழுபதுகளில் இந்தக் காட்சிக்கு நடுவே, எதிர்க்கரையில் சிமெண்டன் என்ற இடத்தில், ஓர் அணுமின் நிலையம் வருவதாக இருந்தது. 1979-ல் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அலுவலர்களே அதற்கு அனுமதி தரவேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். அவர்கள் காட்டிய காரணங்களில் முக்கியமானது, ஒலானாவிலிருந்து தெரியும் காட்சி கெட்டுவிடும் என்பது. சர்ச் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்திருந்தார். செத்து எண்பது ஆண்டு ஆகப்போகும் ஓவியர் சாட்சி சொல்லியிருக்கிறார்.

“எவ்வளவு நேரம்ப்பா பார்ப்பீங்க? கடைசி ரயில் போயிடும்” என்றாள் மகள்.

நான் அந்தக் காட்சியில் இல்லாதவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அறிக்கையில் மனிதர்களுக்குக் கட்டம் இருந்தது, அழகுக்கு இல்லை. இந்த ஓவியங்களில் அழகுக்கு முழுத் துணியும் இருந்தது, மனிதர்களுக்கு இல்லை. எல்லோஸ்டோன் பூங்காவான பிறகு, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த பழங்குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். ஆளில்லாத இயற்கை என்ற ஓவியத்தைச் சட்டம் அப்படியே நம்பிவிட்டது. காட்டைக் காப்பதற்காகக் காட்டில் இருப்பவரை அப்புறப்படுத்தும் காரியம் நமக்கும் தெரியாததல்ல. எந்தக் கட்டத்தை விட்டாலும் அந்த விலையை யாரோ ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

‘ஆக்ஸ்போ’ வளைவைப் பற்றி ஒன்று சொல்லவில்லை. கோல் வரைந்து நான்கே ஆண்டுகளில், 1840-ல், வெள்ளத்தில் நதி அந்த வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேராக ஓடிவிட்டது. இன்று அது ஒரு தேங்கிய ஏரி. அதன் குறுக்கே நெடுஞ்சாலை போகிறது. நதி முழு வளைவாகத் திரும்பிய அழகு அந்தப் படத்தில்தான் பத்திரமாக இருக்கிறது.

ஊர் திரும்பியதும் பரணிலிருந்து பழைய களக் குறிப்பேடுகளை இறக்கினேன். மட்ட அளவுகள் இருக்கின்றன. குறுக்குவெட்டுகள் இருக்கின்றன. அந்தப் பள்ளத்தாக்கின் மேடுபள்ளத்தை என்னால் இன்றும் அரை மீட்டர் பிசகாமல் வரைந்து காட்ட முடியும். ஆனால் அந்தி நேரத்தில் அந்த நீர் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சங்கிலி பிடித்தவரின் பெயரையும் நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.